உட்காரத் தெரியாத கொரின்

கொரின் ஜப்லான்ஸ்கி ஒரு வேளைச் சாப்பாட்டை முழுதாக உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. மில்வாக்கியின் பே வியூ பகுதியில் இருபத்தொன்பது வருஷமாகத் தபால் கொடுக்கிறவள். தோளில் பையோடு நாளுக்குப் பத்து மைல் நடை, மழையோ பனியோ. மத்தியான ரொட்டியை நின்ற வாக்கிலேயே தின்றுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அடுப்படியில் நின்றபடி, ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்தபடி, ஒரு கையால் எதையாவது துடைத்துக்கொண்டே மறு கையால் சாப்பிடுவாள். "உன்கூடச் சாப்பிடறது பஸ் ஸ்டாண்டுல சாப்பிடற மாதிரி இருக்கு" என்று அவள் புருஷன் ஒருநாள் சொன்னான். இரண்டு வருஷம் கழித்து அரிசோனாவுக்குப் போய்விட்டான். போனதற்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் கொரினுக்கு மனதில் தங்கியது அந்தப் பேச்சுதான்.

அவளும் வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு மேசையில் இரண்டு மணி நேரம் இருப்பாள். 'ஹார்ட்வேர்' என்று பே வியூக்காரர்கள் சொல்லும் பப் அது. முன்பு ஆணியும் குழாயும் விற்ற கடை. டெஸ் என்கிற பெண் அதை வாங்கிப் பின்கட்டில் அண்டாக்களை இறக்கிப் பியர் காய்ச்ச ஆரம்பித்தபோது பழைய பெயர்ப்பலகையைக் கழற்ற அவளுக்கு நேரமில்லை. பலகை அப்படியே நின்றுவிட்டது, பெயரும் நின்றுவிட்டது.

கடை திறந்த முதல் வெள்ளிக்கிழமை உட்கார இடமில்லாமல், முன்பின் தெரியாத நாலு பேரை டெஸ் ஒரே மேசையில் போட்டாள். கொரின் ஒருத்தி. துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கும் ரஸ் ஓல்கி, கதவை அடைக்கிற ஆகிருதியும் அதற்கேற்ற சிரிப்புமாக ஒருவன். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்யும் லவான் டேட், குரலைத் தாழ்த்தியே கூட்டத்தை அடக்கத் தெரிந்தவள். நாலாவது ஆள் கார்டி ஹாஸ். பெரிய பியர் ஆலை ஒன்றில் அது மூடும் வரை முப்பது வருஷம் வேலை பார்த்தவன், ஒல்லி, தனி ஆள். அன்றைக்கு முதல் வாய் குடித்ததுமே கோப்பையைத் தள்ளி வைத்தான் கார்டி.

"அவசரப்பட்டுட்டாங்க" என்றான். "இன்னும் பத்து நாள் குளிர்ல கெடந்திருக்கணும். வெண்ணெய் வாசம் அடிக்குது."

பின்கட்டிலிருந்து ஈர ஏப்ரனோடு டெஸ் வந்து நின்றாள். "யாரு அது, என் பியரக் குத்தம் சொன்னது?"

"நான்தாம்மா. நல்ல கைதான் உனக்கு. பொறுமைதான் இல்ல."

அன்றைக்கு டெஸ் பின்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அடுத்த மாதம் புதுப் பியர் இறங்கியபோது முதல் கோப்பையை யாருக்கும் ஊற்றாமல் நேராகக் கார்டியின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து பதினாறு வருஷம் அதுவே வழக்கம். அந்த நாலு பேரும் அந்த மேசையை விடவில்லை. பெர்ச் மீன் வறுவல், ஆப்பிள் கூழோடு உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ் பச்சடி, ரை ரொட்டி, அவரவர் கோப்பை. கொரின் அப்போதும் நாலு தடவை எழுந்து போவாள். ஒரு தடவை கை கழுவ, ஒரு தடவை வாசலில் யாரென்று பார்க்க. அவள் எழுந்தால் ரஸ் அவள் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்துக்கொள்வான். "தபாலு எந்திரிச்சிட்டா, வரி கட்டணும்" என்பான். அவர்களுக்கு அவள் தபாலு.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரம் கார்டி வரவில்லை.

எப்போதும் முதலில் வருகிறவன் அவன். ஐந்து மணிக்கே வந்து மேசையைப் பிடித்துவிடுவான். தவக்காலத்து வெள்ளியில் இறைச்சி கூடாது என்பதால் ஊரே மீன் தின்ன வரும், வாசலுக்கு வெளியே பனியில் வரிசை நிற்கும். அன்றைக்கு ஐந்தரைக்குக் கொரின் வந்தபோது லவான்தான் மேசையைக் காத்துக்கொண்டிருந்தாள்.

"கார்டி எங்க?"

"தெரியல. ஃபோன் பண்ணேன், எடுக்கல."

ரஸ் வந்தான், கோட்டைக் கழற்றி மாட்டினான். "குளிச்சிட்டு இருப்பான். வருஷத்துக்கு ஒருதடவ குளிக்கிறவன், நேரமாகத்தான் செய்யும்."

டெஸ் கையில் ஒரு கோப்பையோடு வந்தாள். அன்றைக்குப் புதுப் பியர், கருஞ்சிவப்பு. காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். "வந்ததும் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி யாருக்கும் ஊத்த மாட்டேன்."

மீன் வந்தது. கொரின் ஒரு துண்டைப் பிட்டு வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்து கார்டிக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. உட்கார்ந்தாள், எழுந்தாள். வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் இடம் கிடைத்துவிட்டதாக நினைத்து நகர்ந்தார்கள்.

"தபாலு, குளிரு உள்ள வருது. வந்து ஒக்காரு" என்றான் ரஸ்.

"பதினாறு வருஷத்துல சொல்லாம கொள்ளாம அவன் வராம இருந்திருக்கானா?"

"அவன் என்ன உன் பிள்ளையா? அறுபத்தாறு வயசு ஆளு. எங்கயாவது தூங்கிட்டு இருப்பான்."

லவான் மட்டும் கொரினின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதற்றத்தின் காரணம் அவளுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கொரின் தபால் போடும் வழியில் ஸ்டெல்சர் என்று ஒரு பெரியவர் இருந்தார். தினமும் அவள் வரும் நேரம் கதவைத் திறந்து நின்று தபாலைக் கையில் வாங்குவார். ஒரு ஜனவரியில் இரண்டு நாள் அவர் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் பெட்டியில் முந்தைய தபால் அப்படியே இருந்தது. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பனிப்புயல், இன்னும் பாதி வழி மிச்சம். புதுத் தபாலைப் பழையதன்மேல் திணித்துவிட்டு நடந்தாள். நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்தார். பெரியவர் மாடிப்படிக்குக் கீழே கிடந்தார், உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து போய்ச் சேர்ந்தார். ஒருநாள் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். கொரினை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய வேலை தபால் போடுவது, அதை அவள் ஒழுங்காகச் செய்திருந்தாள். யாராவது கேட்டிருந்தால் தேவலை என்று பிறகு லவானிடம் சொன்னாள்.

"போய்ப் பாத்துட்டு வா" என்றாள் லவான் மெதுவாக.

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கொரின் வெளியே போய்விட்டாள்.

கார்டியின் வீடு ஐந்து தெரு தள்ளி. நடைபாதையில் உறைந்த பனி காலுக்கடியில் நொறுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடிய வழிதான், இருந்தும் இரண்டு இடத்தில் வழுக்கினாள். வீட்டு வாசலில் பனி வாரியிருந்தது. கார் நின்றது. பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள், காலி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மணியை அழுத்தினாள். கதவைத் தட்டினாள். உள்ளே சத்தமில்லை. பக்கவாட்டுச் சந்தில் முழங்கால் பனியில் இறங்கிப் பின்பக்கம் போனாள்.

அடுப்படியில் விளக்கு எரிந்தது. கார்டி மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். கம்பளிக் குல்லாய் தலையில், கோட்டுப் பொத்தான் கழுத்து வரை போட்டபடி, கையுறை இரண்டும் மடியில். சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான். கொரின் ஜன்னலை ஒட்டிப் போனாள். கண்ணாடியில் முஷ்டியால் இடித்தாள். அவன் தலை திரும்பியது.

கதவைத் திறந்ததும் அவள் முதலில் செய்த காரியம் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்ததுதான்.

"ஃபோன எடுக்க மாட்டியா நீ? கையில என்ன நோவு?"

"கையில இல்ல" என்றான் கார்டி. "ஈரல்ல."

திங்கட்கிழமை டாக்டர் சொல்லியிருந்தார். இனி ஒரு சொட்டு கூடாது, ஒரே ஒரு சொட்டுகூட. அதையே இரண்டு தடவை சொன்னாராம். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டான். வாசல் வரை போனான். திரும்பி வந்து உட்கார்ந்தான். ஒன்றரை மணி நேரமாக அப்படியே இருக்கிறான்.

"குடிக்காட்டி என்ன? மீன் தின்ன வா."

"அங்க வந்து நான் என்னத்தப் பண்ண, கொரின்? டெஸ் கோப்பையக் கொண்டாந்து முன்னாடி வப்பா. எல்லாரும் என் வாயப் பாப்பீங்க. நான் தண்ணி குடிக்கவா?"

"தண்ணிதான் குடியேன்."

"முப்பது வருஷம் எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். அந்த மேசையில எனக்கு ஒரு இடம் இருந்துச்சுன்னா அது அதனாலதான். இல்லாட்டி நான் யாரு? வாய் பேசத் தெரியாத ஒரு கிழவன்."

"நீயா வாய் பேசத் தெரியாதவன்?"

அவன் சிரிக்கவில்லை. அவளுடைய ஈரமான பூட்ஸைப் பார்த்தான், துடைக்க ஒரு துணி எடுத்துக் கொடுத்தான். பிறகு, "ரஸ்கிட்ட சொல்லாத. லவான்கிட்டயும்தான். சளின்னு சொல்லு. நானே நேரம் பாத்துச் சொல்றேன்" என்றான். "வாக்குக் குடு."

கொடுத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பப்புக்குத் திரும்பி, "சளி" என்றாள். தட்டில் மீன் ஆறிக் கிடந்தது. இருப்பு கொள்ளவில்லை. அவள் சொன்னதும் அவள் முகமும் பொருந்தவில்லை என்று லவானுக்குப் பட்டது. ரஸ் கேட்டான்: "சளிக்கா இப்பிடி மூஞ்சிய வச்சிருக்க? எவளையாவது வீட்டுல பாத்தியா?"

"பாத்திருந்தாச் சந்தோஷப்பட்டிருப்பேன்."

அடுத்த வெள்ளியும் அவன் வரவில்லை. சளி இன்னும் விடவில்லையாம், ரஸ்ஸுக்கு ஃபோனில் சொன்னான். கொரின் தினமும் வேலை முடித்து வீட்டுக்குப் போகும்போது நாலு தெரு சுற்றி அவன் வீட்டு வழியாகப் போனாள். விளக்கு எரிந்தால் நிற்காமல் போய்விடுவாள். எரியாவிட்டால் எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பாள். இரவில் புரண்டு புரண்டு படுத்தாள். ஒரு வாக்கு மனுஷியைத் தூங்கவிடாமல் இப்படிப் படுத்தும் என்று அவள் நினைத்ததில்லை. தபால்காரிக்கு அடுத்தவர் ரகசியம் புதிதல்ல. எந்த வீட்டுக்கு எந்தக் கோர்ட்டிலிருந்து கடிதம் வருகிறது, எந்தப் பையன் எழுதுவதை நிறுத்திவிட்டான், எல்லாம் தெரியும், எதுவும் வாயைத் தாண்டாது. இது அப்படி உள்ளே தங்கவில்லை. இதுவும் ஒரு பெட்டி நிறைந்து வழிவதுதானே, மேலே மேலே திணித்துக்கொண்டு நான் பாட்டுக்கு நடக்கிறேனே என்று பட்டது.

மூன்றாம் வெள்ளி, மீன் வருவதற்கு முன்னாலேயே ரஸ்ஸிடமும் லவானிடமும் சொல்லிவிட்டாள். வாக்குக் கொடுத்ததையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

ரஸ்ஸின் சிவந்த முகம் வெளுத்தது. "ரெண்டு வாரமா இத வயித்துல வச்சிக்கிட்டா எங்களோட ஒக்காந்து மீன் தின்ன?"

"தின்னல."

"அவன் ஒரு முட்டாள். நீ அவனுக்கு மேல." எழுந்தான், நாற்காலி சரிந்து விழுந்தது. கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டான். வெளியே உறைகுளிர். லவான் அவனுடைய கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"நானும் வரேன்" என்று கொரின் எழுந்தாள்.

"நீ வராத. வாக்கு மீறினவ மூஞ்சிய அவன் மொதல்ல பாக்க வேணாம். அதோட, எல்லாரும் போயிட்டா மேசை போயிரும். வரிசையப் பாரு. ஒக்காரு."

உட்கார்ந்தாள். நாலு நாற்காலி, ஒருத்தி. ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் வந்து கேட்டார்: "இது காலியா?" "ஆள் இருக்கு." கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்து நின்றது. அவர்களைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. "ஆள் இருக்கு, மன்னிச்சிக்குங்க." கால் துடித்தது. ஜன்னலுக்குப் போனால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள், அதனால் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். இரண்டு முழங்காலையும் கையால் பிடித்து வைத்துக்கொண்டாள். அவன் வரவே மாட்டானோ, ரஸ் ஏதாவது ஏடாகூடமாகப் பேசி எல்லாம் கெட்டுப்போகுமோ, லவான் வழுக்கி விழுந்திருப்பாளோ என்று மனம் ஓடிய ஓட்டத்துக்கு அளவில்லை. டெஸ் இரண்டு தடவை வந்து பார்த்தாள். இரண்டாம் தடவை ஒரு தட்டு ரொட்டியை வைத்துவிட்டுப் போனாள். நாற்பது நிமிஷம். கொரின் தன் வயதுக்கு அத்தனை நேரம் ஒரே இடத்தில் இருந்தது மாதா கோவிலிலும் கிடையாது.

மூன்று பேரும் வந்தார்கள். ரஸ் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும், உள்ளே நுழையும்போதும் நிறுத்தவில்லை. "ஈரல் கெட்டா கெட்டுட்டுப் போவுது, ஃபோனு நல்லாத்தானே இருந்துச்சு?" கார்டி இளைத்திருந்தான். கொரினை அவன் பார்க்கவில்லை. தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

டெஸ்ஸுக்கு விஷயம் தெரியாது. ஆளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இரண்டு வாரமாகத் திறக்காமல் வைத்திருந்த அந்தச் சிவப்புப் பியரில் முதல் கோப்பையை ஊற்றிக் கொண்டுவந்தாள். மேசையில் வைக்கப் போனவளை லவான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கட்டும் லவான்" என்றான் கார்டி. டெஸ்ஸிடம் அவனே சொன்னான், இரண்டே வரியில்.

டெஸ் கோப்பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாத்துச் சொல்லேன். உன் மூக்கு போதும் எனக்கு" என்றாள்.

நல்ல மனதோடுதான் கேட்டாள். கார்டி கோப்பையைப் பார்த்தான். நாற்காலியோடு ஒரு சாண் பின்னுக்கு நகர்ந்தான்.

"வேணாம்மா. அது என்னால ஆகாது. தூரக் கொண்டு போ."

அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டார்கள். பேச்சு ஒட்டவில்லை. ரஸ் தன் கோப்பையைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் அதைத் தட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்தான். "எடுத்துக் குடிடா, நான் என்ன பூதமா?" என்றான் கார்டி. குடித்தாலும் குற்றம், குடிக்காவிட்டாலும் குற்றம். கார்டியின் கைகளுக்குத்தான் போக்கிடம் இல்லை. உப்புக் குப்பியை நகர்த்தின, கை துடைக்கும் தாளைக் கிழித்தன, கோப்பை இருக்க வேண்டிய இடத்தைத் தடவின. பாதி மீன் உள்ளே போயிருக்கும், திடீரென்று எழுந்தான்.

"எங்க?" என்றான் ரஸ்.

"சும்மா. மூச்சு முட்டுது."

கொரின் அதற்குள் எழுந்து கோட்டில் ஒரு கையை நுழைத்துவிட்டாள். "நானும் எந்திரிக்கற நேரந்தான்" என்றாள்.

கார்டி அப்போதுதான் அவளை முதல் தடவையாகப் பார்த்தான். வராதே என்று சொல்லவில்லை.

தெருவைச் சுற்றி வந்தார்கள். அவன் வேகமாக நடந்தான். எவ்வளவு வேகமாக நடந்தாலும் அவளை மிஞ்ச முடியாது. இரண்டாம் சுற்றில் அவனுக்கு மூச்சு வாங்கியது. மூன்றாம் சுற்றில், "இப்பப் போலாம், கொஞ்சம் அடங்கிருச்சு" என்றான். உள்ளே அவர்கள் தட்டை டெஸ் அடுப்பு மேல் சூடாக வைத்திருந்தாள்.

அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கார்டி மேசையை விரலால் தட்டினால் கொரின் எழுந்துவிடுவாள். சில நாள் ஒரு தடவை, சில நாள் மூன்று தடவை. பனி உருகியதும் ஏரிக்கரை வரை போனார்கள். டெஸ் தன் பியருக்குத் தானே தீர்ப்புச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறாள். ஒரு அண்டா முழுவதையும் சாக்கடையில் கொட்டியதாக ஒருநாள் சொன்னாள். கார்டி அதைக் கேட்டுவிட்டு மேசையைத் தட்டினான்.

ஏப்ரலில் ஒருநாள் ஏரியைப் பார்த்து நின்றபோது, "நீ அவங்ககிட்டச் சொன்னதுக்கு எனக்கு இன்னும் உன்மேல கோவந்தான்" என்றான்.

"இருக்கட்டும்."

"நான் கேட்டு நீ குடுத்த வாக்கு."

"ஆமா. குடுத்தேன், மீறிட்டேன். மறுபடியும் அப்பிடி வந்தா மறுபடியும் மீறுவேன். பட்டுன்னு சொல்லிட்டேன்."

"பொம்பளையா நீ? கல்லு." காற்று பலமாக அடித்தது, குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டான். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மே மாதம் ஒரு தடவை தவறினான். ஊரின் மறுகோடியில், தெரிந்த முகம் இல்லாத ஒரு கடையில் போய் நாலு கோப்பை. அடுத்த வெள்ளி நடக்கும்போது கொரினிடம் தானாகவே சொன்னான். யாரிடமும் சொல்லாதே என்று கேட்கவில்லை. மேசைக்குத் திரும்பியதும் ரஸ்ஸிடமும் லவானிடமும் அவனே சொன்னான். ரஸ் திட்டப் போகிறான் என்று கொரின் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ரஸ் திட்டவில்லை. தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தக் கடையில மீன் எப்பிடி?" என்று கேட்டான்.

"மட்டம்" என்றான் கார்டி. "எண்ணெய் மாத்தறதே இல்ல."

ஈரல் மோசமாகவில்லை, நன்றாகவும் ஆகவில்லை என்கிறார் டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. சோதனை வாரத்தில் கொரின் தூங்குவதில்லை. போன தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தவளை ஒரு நர்ஸ் நிறுத்தி, உங்களுக்கு உடம்பு சரியில்லையா, நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் கொரின். "வழிய மட்டும் விடும்மா."